டயர் சைஸை மாத்தினீங்களா? அப்ப கிலோமீட்டர் கணக்கையும் மாத்துங்க



சொந்தமா ஒரு பிக்கப்போ லாரியோ வெச்சு ஓட்டறவங்க நோட்டைப் புரட்டிப் பாருங்க. எல்லாக் கணக்கும் ரெண்டு எண் மேலதான் நிக்கும். ஒண்ணு ரூபாய், இன்னொண்ணு கிலோமீட்டர். ரூபாயைச் சரிபார்க்க நம்மகிட்ட பில் இருக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு, பத்து ரூபாய் குறைஞ்சாலும் தேடிக் கண்டுபிடிச்சிடுவோம். கிலோமீட்டரை மட்டும் யாரும் சரிபார்க்கிறதில்லை. மீட்டர்ல என்ன காட்டுதோ அதை அப்படியே எழுதிக்கிறோம்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு என்ன செலவு, டிரைவருக்கு எவ்வளவு படி, ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு பில்னு எல்லாத்துலயும் அந்த மீட்டர் எண்தான் உள்ளே இருக்கு. அதுவே தப்பா இருந்தா?

டயர் அளவை மாத்தின அன்னைக்கே அது தப்பாக ஆரம்பிச்சிடும். இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இதுதான்: டயர் சைஸை மாத்தினா மீட்டரைத் திருத்துங்க, முடியலைன்னா கணக்கையாவது திருத்துங்க. ரெண்டும் செய்யலைன்னா அந்தத் தப்புக்கான விலையை யாரோ ஒருத்தர் மாசாமாசம் கட்டிட்டே இருப்பார். பல இடத்துல அது, தன் பக்கம் நியாயம் இருந்தும் அதை நிரூபிக்க முடியாத டிரைவர்.

மீட்டருக்கு ரோடு தெரியாது

மீட்டர் தூரத்தை அளக்கிறதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில அது சுத்தை எண்ணுது. பழைய வண்டியில கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வரும், புது வண்டியில சென்சார். ரெண்டுமே ஷாஃப்ட் அல்லது சக்கரம் எத்தனை தடவை சுத்துச்சுன்னுதான் பார்க்கும். ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை சுத்து என்று கம்பெனி முன்கூட்டியே ஒரு எண்ணைக் கொடுத்திருக்கும். அந்த எண், கம்பெனி போட்டுக் கொடுத்த டயரின் அளவை வைத்துக் கணக்கிட்டது.

இப்ப நீங்க கொஞ்சம் பெரிய டயர் போடறீங்க. ஒரு சுத்துக்கு வண்டி முன்னைவிடக் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. பழைய கணக்குலயே எண்ணும். அதனால உண்மையில ஓடினதைவிடக் குறைவான கிலோமீட்டரையும், உண்மையான வேகத்தைவிடக் குறைவான வேகத்தையும் காட்டும். சின்ன டயர் போட்டா நேர் எதிர். ரெண்டும் கூடுதலா காட்டும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? டயர் மேல எழுதியிருக்கிற எண்ணை வைத்தே கணக்குப் போட்டுடலாம். உதாரணத்துக்கு 215/75 ஆர் 15 என்று இருந்தால், 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

ரிம் 15 அங்குலம் என்றால் 381 மி.மீ. பக்கச்சுவர் 215-ல் 75 சதவீதம், அதாவது 161.25 மி.மீ. மேலே ஒண்ணு கீழே ஒண்ணு என்று ரெண்டு சேர்த்தால் 322.5. மொத்த விட்டம் 703.5 மி.மீ.

வண்டி கொஞ்சம் உயரமா நிக்கட்டும், மண் ரோட்டுல அடி தட்டாம இருக்கட்டும்னு அதே ரிம்முக்கு 235/75 ஆர் 15 போடறாங்கன்னு வைங்க. இதே கணக்கைப் போட்டால் விட்டம் 733.5 மி.மீ. ரெண்டையும் வகுத்தால் 1.043. அதாவது மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி ஓடியிருப்பது 104.3. மீட்டர் 80-ல் நிற்கும்போது உண்மையான வேகம் 83-ஐத் தாண்டியிருக்கும்.

காணாமல் போகாத டீசல்

இந்த 4 சதவீதம் கணக்குல என்ன செய்யும்னு பார்ப்போம். கீழே இருக்கிற விலையெல்லாம் உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது. உங்க எண்ணைப் போட்டுப் பார்த்துக்கோங்க.

பிக்கப் மாசத்துக்கு மீட்டர்படி 4,000 கி.மீ. ஓடுது. பெரிய டயர் போட்டபிறகு உண்மையில ஓடினது 4,170. வண்டி லிட்டருக்கு 12 கொடுக்குதுன்னா செலவான டீசல் சுமார் 347 லிட்டர். ஆனா முதலாளி நோட்டுல என்ன போடுவார்? 4,000-ஐ 12-ஆல் வகுத்து, 333 லிட்டர்தான் ஆகியிருக்கணும்னு போடுவார். 14 லிட்டர் உதைக்குது. டீசல் 92 ரூபாய்னு வெச்சா மாசம் 1,300 ரூபாய். வருஷத்துக்கு 15,600.

இந்த 14 லிட்டரை யாரும் எடுக்கலை. அது ரோட்டுலயே எரிஞ்சு போன டீசல். ஆனா மாசாமாசம் ஒரே அளவுல குறைஞ்சுக்கிட்டே வந்தா முதலாளி மனசுல முதல்ல வர்ற சந்தேகம் எதுன்னு உங்களுக்கே தெரியும்.

எங்க ஆபீஸுக்கு வர்ற ஒருத்தர் இதே மாதிரி ஒரு கணக்கோட வந்தார். "சார், பையன் நல்லவன்னு நம்பியிருந்தேன். நாலு மாசமா டீசல் அடிக்கிறான்" என்றார். நாலு மாசம்னு அவ்வளவு துல்லியமா சொன்னதுதான் என்னை யோசிக்க வெச்சது. அந்த மாசத்து வவுச்சர் ஃபைலைப் புரட்டினேன். மைலேஜ் குறைய ஆரம்பிச்ச அதே வாரத்துல ஒரு டயர் பில் இருந்தது. பழைய பில்லோட சைஸும் புது பில்லோட சைஸும் வேற. கணக்கைப் போட்டதும், குறைஞ்ச மைலேஜில் பெரும்பகுதி அந்த ரெண்டு பில்லுக்கு நடுவிலேயே கிடைச்சிடுச்சு. மீதி கொஞ்சம், பெரிய டயர் கனமா இருக்கிறதால கூடுதலா எரிஞ்சது. அந்த டிரைவருக்கு அதுக்குள்ள ரெண்டு மாசப் படியில பிடித்தம் நடந்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்துட்டார்.

பிடித்தம் மட்டும் இல்லைங்க. கிலோமீட்டர் கணக்குல படி கொடுக்கிற வண்டியா இருந்தா, இதே டிரைவருக்கு மாசம் 170 கிலோமீட்டருக்கான படியும் போயிடும். ஓட்டின தூரத்துக்குக் கூலி வராது, திருடாத டீசலுக்குப் பேர் கெடும்.

பில்லிலும் இதே ஓட்டை

கம்பெனிக்கு மாச ஒப்பந்தத்துல வண்டி விட்டிருக்கிறவங்க பலர் கிலோமீட்டர் ரேட்டுலதான் இன்வாய்ஸ் போடுறாங்க. கிலோமீட்டருக்கு 20 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 170 கி.மீ. விட்டுப்போனா மாசம் 3,400 ரூபாய், வருஷம் 40,800. எல்லாச் செலவும் போக நூத்துக்கு எட்டு ரூபாய் மிஞ்சுற தொழில்னா, அந்த லாபத்துல பாதியை மீட்டரே சாப்பிடுது.

சின்ன டயர் போட்டிருந்தா கதை தலைகீழ். ஓடாத தூரத்துக்கு நீங்க பில் போடறீங்க. "நமக்குத்தானே லாபம்"னு சிரிக்காதீங்க. இன்னைக்கு நிறைய கம்பெனிகள் தங்களோட ஜிபிஎஸ் ரிப்போர்ட்டைப் பக்கத்துல வெச்சுத்தான் பில்லைப் பாஸ் பண்றாங்க. மாசாமாசம் ஒரே பக்கமா 3 சதவீதம் கூடியிருந்தா அவங்க அதை டயர் சைஸ்னு நினைக்க மாட்டாங்க. ஒப்பந்தம் போனபிறகு விளக்கம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நாமக்கல் பக்கத்து எரிவாயு டேங்கர்களுக்கு இந்தப் பில் பிரச்சினை கிடையாது. அங்கே ஆயில் கம்பெனிகள் போய்வர எவ்வளவு தூரம்னு முன்னாடியே நிர்ணயிச்சு, ஆர்டிகேஎம் கணக்குல பணம் கொடுக்கும். ஆனா அவங்களுக்கும் செலவுப் பக்கம் மீட்டர் எண்தான். வரவு சரியான கிலோமீட்டரிலும் செலவு தப்பான கிலோமீட்டரிலும் இருந்தா, ட்ரிப்புக்கு எவ்வளவு மிஞ்சுதுங்கிறது எப்படிச் சரியா வரும்?

லாரியில் வர்ற பொய் சேமிப்பு

லாரிக்காரங்க நைலான் டயரிலிருந்து ரேடியலுக்கு மாறும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். 10.00-20 டயரின் விட்டம் சுமார் 1,055 மி.மீ. (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்). அதுக்குப் பதிலா 295/90 ஆர் 20 போட்டால் 1,039. வித்தியாசம் ஒன்றரை சதவீதம். புது டயர் சின்னது. அதனால மீட்டர் கூடுதலா எண்ணும்.

மாசம் மீட்டரில் 8,000 கி.மீ. வந்தால் உண்மையில ஓடினது சுமார் 7,880. லாரி லிட்டருக்கு 4 கொடுக்குதுன்னா 1,970 லிட்டர் செலவு. நோட்டுல 8,000-ஐ 1,970-ஆல் வகுத்தா 4.06 வரும். "பாத்தீங்களா, ரேடியல் போட்டதும் மைலேஜ் ஏறிடுச்சு!" 8,000 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் மிச்சம், வருஷத்துக்கு 33,000 ரூபாய்க்கு மேல மிச்சம்னு காகிதம் சொல்லும். ஆனா போன ட்ரிப் அதேதான், ஊத்தின டீசலும் அதேதான். மீட்டர் மட்டும் 120 கிலோமீட்டர் கூடுதலா எண்ணியிருக்கு.

ரேடியலுக்கு எரிபொருள் சேமிப்பு உண்டு. அதை நான் மறுக்கலை. ஆனா அதுல எவ்வளவு உண்மை, எவ்வளவு மீட்டர் ஜாலம்னு பிரிக்காம, மீதி நாலு லாரிக்கும் கடன் வாங்கி டயர் மாத்த முடிவெடுத்தா, ஈஎம்ஐ மட்டும் உண்மையான பணத்துல கட்டவேண்டியிருக்கும்.

மொத்தத்துல பார்த்தா, பெரிய டயர் தன்னை உள்ளதைவிட மோசமா காட்டிக்கும். சின்ன டயர் தன்னை உள்ளதைவிட நல்லதா காட்டிக்கும். டயரை டயரோட ஒப்பிடறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணியாகணும்.

"நாலு பர்சென்ட்தானே சார்?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். ஸ்பீடோமீட்டரே கொஞ்சம் கூட்டித்தானே காட்டும்னும் சொல்லுவாங்க. அது உண்மைதான். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை எண் 39-படி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. அதனால கம்பெனிகள் ஜாக்கிரதையா கொஞ்சம் கூட்டியே வைப்பாங்க. ஆனா அது வேக முள்ளுக்கு. கிலோமீட்டர் எண்ணும் ஓடோமீட்டரை அப்படிக் கூட்டி வைக்கவேண்டிய அவசியம் இல்லை, பெரும்பாலும் அது உண்மைக்குப் பக்கத்துலதான் இருக்கும். அதனால முள்ளுல இருக்கிற தாராளம் உங்க கணக்கைக் காப்பாத்தாது.

இன்னொரு வாதம், டயர் தேய்ஞ்சாலும் இதே வித்தியாசம் வருமே என்பது. நியாயமான பாயிண்ட். புது லாரி டயரில் பட்டை ஆழம் 15 மி.மீ. அளவுக்கு இருக்கும். அது 3 மி.மீ.க்குத் தேயும்போது விட்டத்துல 24 மி.மீ. குறையும், 2 சதவீதத்துக்கு மேல. ஆனா தேய்மானம் மெதுவா வரும், ரீட்ரேடிங் பண்ணினாலோ புது டயர் போட்டாலோ திரும்பிடும். சைஸ் மாற்றம் ஒரே நாள்ல வந்து, ஒரே பக்கமா நிக்கும். ஆடிட் பண்றவனா எனக்குத் தெரிஞ்ச விஷயம்: ரெண்டு பக்கமும் சாயுற தப்பு நாளடைவில ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஒரே பக்கம் சாயுற தப்பு சேர்ந்துக்கிட்டே போகும்.

அப்ப ஏன் யாரும் கவனிக்கிறதில்லை? எனக்குத் தோணுற காரணம், வெளியிலேர்ந்து யாரும் கேட்கிறதில்லை. பத்து சரக்கு வண்டி வரைக்கும் வெச்சிருக்கிறவங்க வருமான வரியில் உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுக்கலாம். 12 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை உள்ள வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், மத்த வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம்னு காட்டினா போதும். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு கேள்வியே இல்லை. டோலும் பிளாசாவைப் பொறுத்தது, மீட்டரைப் பொறுத்தது இல்லை. வரிக்குத் தேவையில்லாத கணக்கை யாரும் சரிபார்க்கிறதில்லை. ஆனா தொழில் ஓடறது அந்தக் கணக்குலதான்.

சட்டம் என்ன சொல்லுது?

"என் வண்டி, என் டயர்" என்று சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள ஆர்டிஓ சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சரக்கு வண்டியைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு ஆக்சிலிலும் என்ன அளவு டயர்னு படிவத்துலயே கேட்பாங்க. அதனால கம்பெனி அனுமதிச்ச மாற்று அளவுகள் எவைன்னு கையேட்டைப் பார்த்து, அதுக்குள்ள நில்லுங்க. வெளியே போனா, விபத்து நடக்கிற அன்னைக்கு இன்சூரன்ஸ் சர்வேயருக்கு நீங்களே ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்த மாதிரி.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மறந்துடாதீங்க. 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான பெரும்பாலான போக்குவரத்து வாகனங்கள்ல இது கட்டாயம், 80 கி.மீ.க்கு மேல் போகவிடாது. ஆனா அதுவும் அதே சுத்து எண்ணிக்கையைத்தான் நம்பி இருக்கு. மேலே சொன்ன பெரிய டயரோட அது 80-னு நினைச்சுப் பிடிக்கும்போது வண்டி 83-ல போகுது. கேமரால மாட்டினா அபராதத்தை டிரைவர் தலையில கட்டுறதுதானே நம்ம வழக்கம்?

செய்யவேண்டியது

ஒண்ணு. டயர் மாத்தறதுக்கு முன்னாடி மேலே சொன்ன மாதிரி ரெண்டு விட்டத்தையும் கணக்குப் போடுங்க. 1 சதவீதத்துக்குள்ள இருந்தா விட்டுடலாம். மேல போனா அடுத்த படிகள் தேவை. மீட்டர் சென்சார் கியர்பாக்ஸில் இருக்கிற பின்சக்கர வண்டியில் பின் டயரின் அளவுதான் கணக்கு. உங்க வண்டியில எங்கே இருக்குன்னு மெக்கானிக்கிட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டு. எழுத்துக் கணக்கை ரோட்டில் சரிபாருங்க. லோடோட நிக்கிற வண்டியின் டயரிலும் தரையிலும் சாக்பீஸில் கோடு போட்டு, சரியா அஞ்சு சுத்து உருட்டி, டேப்பால் அளக்கலாம். உதாரணத்துல சொன்ன ரெண்டு பிக்கப் டயருக்கும் அஞ்சு சுத்துல கிட்டத்தட்ட அரை மீட்டர் வித்தியாசம் தெரியும். இல்லைன்னா தேசிய நெடுஞ்சாலையில கிலோமீட்டர் கல்லை வெச்சு 50 கி.மீ. ஓட்டி மீட்டரோட ஒப்பிடுங்க. வேகத்துக்கும் கல்லே போதும்: உண்மையான 80-ல் ஒரு கல்லிலிருந்து அடுத்ததுக்கு 45 விநாடி, 60-ல் 60 விநாடி. ஸ்டாப்வாட்சைப் பக்கத்துல உக்கார்ந்திருக்கிறவர் பிடிக்கட்டும், டிரைவர் இல்லை.

ஜிபிஎஸ்ஸை வெச்சும் பார்க்கலாம், ஆனா நேரான ரோட்டுல பாருங்க. சேலம், நாமக்கல், கரூர் வழியா போற என்எச் 44 மாதிரி. சில கருவிகள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறைதான் இடத்தைப் பதிவு பண்ணும். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுலயும் அது வளைவை வெட்டி நேர்கோடு போட்டுத் தூரத்தைக் குறைச்சுடும்.

மூணு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல மீட்டரைக் காலிபரேட் பண்ணச் சொல்லுங்க. பல புது வண்டிகள்ல கம்ப்யூட்டரை இணைச்சு டயர் அளவை மாத்திடலாம். ஜாப் கார்டுல பழைய சைஸ், புது சைஸ், அன்னைக்கு மீட்டர் எண், தேதி நாலும் எழுதி வாங்குங்க. நாளைக்கு வண்டியை விற்கும்போது "மீட்டரைத் தொட்டிருக்காங்க"ன்னு யாரும் சொல்லக் கூடாது, பாருங்க.

நாலு. மீட்டரை மாத்த முடியாத வண்டியா? டிரிப் ஷீட்டுல ஒரு பத்தி கூடுதலா போடுங்க. மீட்டர் கிலோமீட்டரைத் திருத்த எண்ணால பெருக்கி அதுல எழுதுங்க. நம்ம பிக்கப்புக்கு 1.043, லாரிக்கு 0.985. டீசல், படி, பில், சர்வீஸ் தேதி எல்லாம் இந்தப் பத்தியை வெச்சுத்தான். ஒப்பந்தக்காரருக்கும் இதை எழுத்துல தெரியப்படுத்திடுங்க. டிரைவருக்கும் காட்டுங்க. தன் கணக்கு எப்படிப் போடப்படுதுன்னு தெரிஞ்சுக்க அவருக்கு உரிமை இருக்கு.

இதுக்கெல்லாம் ஆகிற செலவு ஒரு மதியமும் ஒரு சாக்பீஸும். அதனால இனி மைலேஜ் திடீர்னு குறைஞ்சா, டிரைவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி டயர் பில்லை எடுத்துப் பாருங்க. மனுஷனைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி மீட்டரைச் சந்தேகப்படுங்க. மீட்டருக்குக் குடும்பம் கிடையாது, மனசு நோகாது.

திருத்த எண்ணோட டிரிப் ஷீட் எப்படித் தயார் பண்றதுன்னு நம்ம சேனல்ல தனி வீடியோவா போடறேன். அதுவரைக்கும் உங்க வண்டியோட டயர் பக்கச்சுவர்ல என்ன எண் எழுதியிருக்குன்னு போய்ப் பார்த்து, ஆர்சியோட ஒப்பிட்டு வைங்க.